பழுப்புக் கெபாசிட்டர்

மாமல்லபுரம்
9 ஜூன் 2024

பிரியமுள்ள தங்கை பிரிசில்லாவுக்கு அண்ணன் ஆல்வின் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அண்ணி ரெஜினாவும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு இருக்கிறது? கண் டாக்டரிடம் கூட்டிப் போனாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஈஸ்டர் அன்று போனில் பேச ஆரம்பித்தது எப்படி முடிந்தது என்று உனக்கே தெரியும். அம்மா அழுததுதான் மிச்சம். எழுதினால் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன். லதா தினமும் செங்கல்பட்டிலிருந்து எங்கள் ரிசார்ட் ரிசப்ஷனுக்கு வேலைக்கு வருகிறாள். அவள் கையில் கொடுத்து விடுகிறேன்.

விஷயம் இதுதான். முட்டுக்காட்டில் ராஜாராம் என்று ஒருவர் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். 2017 கிறிஸ்துமஸுக்கு நம் சர்ச் ஹாலில் போனில் பதிவு செய்த பாட்டுகள் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கின்றன. கூப்பிட்டு அனுப்பினார். "இந்த கிட்டார் சவுண்டு நான் வேற எங்கயும் கேட்டதில்லப்பா. இதே சவுண்டுல எட்டு பாட்டு வாசிச்சுக் குடு. ஆல்பம் கவர்ல உன் பேரு போட்டுடலாம்" என்றார். ஆறு வருடமாக பஃபே சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறேன், பிரிசி. ஒருவரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கியதில்லை. இப்போது பாதி நாள் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு பென் டிரைவைச் செருகிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த சவுண்டு வரமாட்டேன் என்கிறது. அதே கிட்டார், அதே ஆம்ப், அதே கை. பதிவில் ஒரு தடிமன் இருக்கிறது, ஓரத்தில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. இப்போது இரண்டும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். 2019-ல் நீ ஆம்பைத் திறந்து, உள்ளே இருந்த பழுப்புக் கெபாசிட்டரை எடுத்துவிட்டு மஞ்சளாக ஒன்றைப் போட்டாய். அன்றைக்குப் போனதுதான். பழையது பேப்பரும் எண்ணெயும் வைத்துச் செய்தது. இது வெறும் பிளாஸ்டிக். தயவுசெய்து பழையபடி பேப்பர் கெபாசிட்டரே போட்டுக் கொடு. ஆம்பின் உள்பாகத்தை மட்டும் கழற்றி அனுப்புகிறேன். செப்டம்பர் கடைசியில் ரெக்கார்டிங்.

அம்மாவுக்கு என் அன்பு.
ஆல்வின்

---

செங்கல்பட்டு
16 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு பிரிசில்லா எழுதிக்கொள்வது. அம்மாவுக்குச் சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்திருக்கிறது. வலது கண்ணில் புரை என்று சொல்லியிருக்கிறார்கள், அவசரமில்லையாம். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா?

ஆம்ப் வந்து சேர்ந்தது. "உங்க அண்ணன் இன்னாடி கருங்கல்ல கட்டி அனுப்பிக்கிறாரு? தோள்பட்ட கழண்டு பூச்சு" என்று திட்டிக்கொண்டே லதா இறக்கி வைத்தாள்.

நீ சொல்கிற கெபாசிட்டரின் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பில் சத்தத்தைப் பெருக்குகிற முதல் வால்வுக்கும் இரண்டாவது வால்வுக்கும் நடுவில் அது நிற்கிறது. முதல் வால்வில் இருக்கும் பெரிய வோல்டேஜை அங்கேயே நிறுத்திவிட்டு கிட்டாரின் சத்தத்தை மட்டும் அடுத்ததற்கு விட வேண்டும். அவ்வளவுதான். பழுப்புக் கெபாசிட்டருக்குள் பேப்பர் இருந்தது, சரி. உன் ஊர்க் கடல் காற்றில் ஈரம் ஏறி அது ஒழுக ஆரம்பித்தது. நிறுத்த வேண்டிய வோல்டேஜையும் சேர்த்து விட்டது. சத்தம் கரகரத்தது என்று நீதானே அப்போது கொண்டுவந்தாய்? இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் வால்வு போயிருக்கும். மாற்றினேன். இந்த ஆம்பை டிப்ளமோ கடைசி வருடத்தில் கட்டியவள் நான். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

நீ சொல்வதற்காக இன்னொரு பேப்பர் கெபாசிட்டர் தேடிப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பதிவில் யார் யார் வாசித்தோம் என்று ராஜாராம் சாரிடம் சொன்னாயா?

அம்மா உன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறாள்.
பிரிசில்லா

---

மாமல்லபுரம்
30 ஜூன் 2024

பிரியமுள்ள பிரிசிக்கு, நாங்கள் சுகம். ரெஜினாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. அம்மாவை வெயிலில் வெளியே அனுப்பாதே.

நீ லேபில் மீட்டரை வைத்துப் பார்க்கிறவள். எனக்கு மீட்டர் என் காது. இந்தக் கெபாசிட்டரைப் பற்றி நெட்டில் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். பேப்பர் என்றால் தேன் மாதிரி, பாலியெஸ்டர் என்றால் மொட்டை, பாலிபுரொப்பிலீன் என்றால் கண்ணாடி மாதிரி, செராமிக் என்றால் தகரம். அத்தனை பேரும் முட்டாளா? நேற்று பஃபேயில் ரிசார்ட் ஆம்பில் வாசிக்கும்போது ஒரே வரியை நாற்பது தடவை வாசித்தேன். சமையல்காரர் வந்து, "அண்ணாத்த, வேற பாட்டே தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவமானமாக இருந்தது.

பேப்பர் கெபாசிட்டர் கிடைத்ததா? சீக்கிரம் போட்டு அனுப்பு. நாள் போகிறது. ராஜாராம் வாரம் ஒரு தடவை போன் பண்ணி, "அந்த சவுண்டு வந்துச்சா?" என்கிறார்.

அம்மாவிடம், வேலை கொஞ்சம் குறைந்ததும் வருகிறேன் என்று சொல்.
ஆல்வின்

---

செங்கல்பட்டு
21 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே அம்மாவும் நானும் நலம். போன வாரம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். பொத்தேரி காலேஜ் லேபிலும் பரீட்சை நேரம். அதனால்தான் தாமதம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் தேடி ஈரம் ஏறாத நல்ல பேப்பர் கெபாசிட்டர் ஒன்று வாங்கினேன். அதை மட்டும் போட்டு அனுப்பினால் அடுத்த மாதம் வேறொன்று கேட்பாய். அதனால் வேறு மாதிரி செய்திருக்கிறேன். ஆம்பின் பின்பக்கம் ஒரு திருகு குமிழ் இருக்கிறது, பார்; திருப்பினால் கெபாசிட்டர் மாறும். நான்கு இடம், நான்குக்கும் எண் போட்டிருக்கிறேன். பேப்பர், பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் எல்லாம் உள்ளே இருக்கின்றன. மூன்றும் ஒரே அளவு என்று ஒவ்வொன்றாக அளந்து பார்த்துத்தான் போட்டேன். எந்த எண்ணில் எது என்று சொல்லமாட்டேன். நீ வாசித்துப் பார்த்து, எண் வாரியாக எழுதி அனுப்பு. ஆம்பை மட்டும் திறக்காதே. உள்ளே முந்நூறு வோல்ட் இருக்கிறது.

பொருளில் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. சில செராமிக் வகைகள் சத்தத்தைக் கொஞ்சம் கெடுக்கும், அதனால் அதைச் சேர்க்கவில்லை. அளவு மாறினால் நன்றாகவே கேட்கும். அளவு ஒன்றாக இருந்து, ஒழுகாமலும் இருந்தால், நீ தேடுகிற அந்தத் தடிமன் இதற்குள் இருக்காது.

போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். ராஜாராம் சாரிடம் யார் வாசித்தது என்று சொன்னாயா?

பிரிசில்லா

---

மாமல்லபுரம்
4 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள பிரிசிக்கு, உனக்குக் காய்ச்சல் என்று லதா சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள். நிலவேம்புக் கஷாயம் குடி.

ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டேன். ரெஜினா திருகைத் திருப்பினாள், நான் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

ஒன்று: மெலிசாக, சளி பிடித்த மாதிரி. இரண்டு: சுத்த பிளாஸ்டிக். உயிரே இல்லை. இதுதான் நீ 2019-ல் போட்ட மஞ்சள் சனியன், சந்தேகமே இல்லை. மூன்று: பளிச்சென்று இருக்கிறது, ஆனால் குளிர்ச்சி. நான்கு: பிரிசி, நான்கை என்னவென்று சொல்ல! அடித்ததும் ரோமம் சிலிர்த்தது. பழைய பேப்பர் சவுண்டு இதுதான். ரெஜினாவே, "இது நல்லா கீதே" என்றாள்.

நூற்றுக்கு நூறு அந்தப் பதிவு மாதிரி வரவில்லை. எழுபது வருகிறது. நான்கில் இருப்பதை இன்னும் பழசாக, இன்னும் பெரியதாகப் போட்டால் மீதியும் வந்துவிடும். நான் சொன்னது சரிதானே? காது பொய் சொல்லாது.

ஆல்வின்

---

செங்கல்பட்டு
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, காய்ச்சல் போய்விட்டது. அம்மா நலம்.

ஒன்றுதான் பேப்பர். நீ சளி பிடித்தது என்றாயே, அது.

மூன்று பாலிபுரொப்பிலீன்.

இரண்டும் நான்கும் ஒரே கெபாசிட்டர். ஒரே மஞ்சள் பாலியெஸ்டர் கெபாசிட்டருக்குத்தான் இரண்டு இடத்திலிருந்தும் ஒயர் போகிறது. நீ உயிரே இல்லை என்றதும் அதுதான், ரோமம் சிலிர்த்தது என்றதும் அதுதான்.

உன்னைக் கேலி செய்வதற்காக இதைச் செய்யவில்லை. காது பொய் சொல்லாதுதான். ஆனால் நமக்கு எது வேண்டுமோ அதைக் காதுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

பிரிசில்லா

---

மாமல்லபுரம்
14 ஆகஸ்ட் 2024

பிரிசிக்கு. சுகம்.

தங்கை என்று உன்னிடம் உதவி கேட்டேன். நீ எனக்குப் பரீட்சை வைத்து ஃபெயில் போட்டிருக்கிறாய். உன் லேப் பசங்களுக்கு வை இந்த வேலையெல்லாம். இரண்டும் நான்கும் ஒன்று என்று இப்போது எழுதுகிறாய். நான் தப்பாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக நீ மாற்றிச் சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு முப்பத்தெட்டு வயது. இதுவரைக்கும் ஒரு இடத்திலும் என் பேர் அச்சில் வந்ததில்லை. உனக்கு மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் இருக்கிறது. என் கஷ்டம் உனக்குப் புரியாது.

இனிமேல் ஆம்பை அனுப்பமாட்டேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
ஆல்வின்

---

செங்கல்பட்டு
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து நாள் பொறுத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ என்னிடம் மூன்று மாதமாகப் பேப்பர், எண்ணெய், பிளாஸ்டிக் என்று கேட்கிறாய். நான் இரண்டு தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இரண்டு தடவையும் நீ அம்மா உடம்பு, வெயில், கஷாயம் என்று எழுதினாய். எனக்கு எரிச்சல் வந்தது. இப்போதும் வருகிறது.

ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி அந்தப் பதிவைக் கேள். இரண்டாவது பாட்டு. இரண்டு நிமிடம் பத்து வினாடிக்கு மேல் உன் கை கிட்டாரின் அடிக்கழுத்தில் மேல் ஸ்வரத்தில் ஓடுகிறது. அதே நேரத்தில் கீழே கனத்த தந்திகளில் சேர்த்து அடிக்கும் கார்டு ஒன்று மாறுகிறது, பார். அதை வாசிப்பதற்கு உனக்கு இன்னும் இரண்டு கை வேண்டும்.

அந்த ஆம்பை நான் கிட்டார் ஒயர் செருக இரண்டு ஜாக் வைத்துக் கட்டினேன். ஒன்றில் நீ, இன்னொன்றில் நான். இரண்டு கிட்டாரும் ஒரே வால்வுக்குள் போய் நெரிபடும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது சத்தம் ஒன்று பிறக்கிறது. நீ தடிமன் என்கிறாய், முரட்டுத்தனம் என்கிறாய். அது இதுதான். எந்தக் கெபாசிட்டரிலும் கிடையாது. முதல் கடிதம் படித்தபோதே எனக்குத் தெரியும். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு உனக்கு இடது பக்கத்தில் நின்றது யார், அண்ணா?

பிரிசில்லா

---

செங்கல்பட்டு
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ரெக்கார்டிங் நாள் வந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். என்ன ஆயிற்று என்று லதாவைக் கேட்டேன். "வேலைக்கு வர்றாரு, வாசிக்கிறாரு, யாராண்டயும் பேசறதில்ல" என்றாள்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி கண் ஆபரேஷன். வந்தால் வா.

பிரிசில்லா

---

மாமல்லபுரம்
20 அக்டோபர் 2024

பிரியமுள்ள பிரிசிக்கு,

ஆபரேஷனுக்கு வந்தபோது நாம் இருவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாய். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கண் தெளிவாகத் தெரிகிறதா?

நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பர் இருபத்தோராம் தேதி ஸ்டூடியோவுக்குப் போனேன். காலை பத்து மணியிலிருந்து வாசித்தேன். ராஜாராம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையாட்டினார், பிறகு ஆட்டவில்லை. ஒரு மணிக்கு உள்ளே வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என் தோளில் கை வைத்து, "கவலப்படாத தம்பி. நீ சொன்ன மாதிரி அந்தக் கெபாசிட்டர்தான் பேஜார் பண்ணுது. வேற ஒண்ணு மாத்தினு வா, நான் காத்திருக்கேன்" என்றார்.

நான் உன்னிடம் மூன்று மாதமாகச் சொன்னதை அவர் வாயிலிருந்து கேட்டேன். அவர் அதை நம்பிச் சொன்னார். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

"அது கெபாசிட்டர் இல்ல சார். அதுல ரெண்டு கிட்டார் கீது" என்றேன்.

"ரெண்டாவது யாரு?"

"என் தங்கச்சி."

"இப்ப வாசிக்கறாங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

ஆம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதிலை உனக்கு எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. நீ ஹெட்போன் வாங்கிக் கேட்கச் சொன்னாய். நான் ஜூன் மாதமே கேட்டுவிட்டேன், பிரிசி. ராஜாராம் கூப்பிட்ட அன்றே கேட்டேன். கார்டு மாறுவது எனக்கும் கேட்டது. கேட்டதும் நிறுத்திவிட்டேன். கெபாசிட்டராக இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். நினைத்து நினைத்து அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. 2018 ஜனவரி, ரிசார்ட்டில் முதல் ப்ரோக்ராம். நீ புதுத் தந்தி மாற்றி வைத்திருந்தாய். சாயங்காலம் நான் போன் பண்ணி, ப்ரோக்ராம் கேன்சல் ஆகிவிட்டது என்றேன். ஆகவில்லை. மேனேஜர் இரண்டு பேரையும்தான் வரச் சொல்லியிருந்தார். நான் தனியாகப் போனேன். சர்ச்சில் கிறிஸ்துமஸ் அன்றைக்கு எல்லோரும் உன்னிடம்தான் வந்து கை கொடுத்தார்கள். ரிசார்ட்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று பயந்தேன். இதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. தேடிப் பார்த்தேன், இல்லை.

ராஜாராம் நேற்று போன் பண்ணினார். "ரெண்டு பேரும் வந்தா ரெக்கார்டிங். நவம்பர் ஒன்பது, சனிக்கிழம. ஒருத்தர் வந்தா வேணாம்" என்றார். உன்னை வா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டு.

ஆல்வின்

---

செங்கல்பட்டு
27 அக்டோபர் 2024

அண்ணனுக்கு பிரிசில்லா எழுதுவது. அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. காலண்டரில் இருக்கிற வசனத்தைத் தினமும் சத்தமாகப் படிக்கிறாள். உன் கடிதத்தையும் அவளே படிக்கிறேன் என்று வாங்கினாள். பாதியில் நிறுத்தி, "இன்னாடி இது? அன்னிக்கு கேன்சல் ஆவலியா?" என்றாள். ஆகவில்லை என்றேன். "உனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையே எனக்குத் தெரியும், அண்ணா. அப்போதுதான் ரிசார்ட்டில் சேர்ந்திருந்த லதா பஸ்ஸில் பார்த்து, "நேத்து உங்க அண்ணன் பிரமாதமா வாசிச்சாரு, நீ ஏன் வரல?" என்று கேட்டாள். காய்ச்சல் என்று சொன்னேன். உனக்காகப் பொய் சொன்னேன். அந்த வாரமே கிட்டாரை சண்டே ஸ்கூலுக்குக் கொடுத்துவிட்டேன். நீ என்ன ஆயிற்று என்று கேட்பாய் என்று பார்த்தேன். ஆறு வருடமாக நீ கேட்கவில்லை. ஈஸ்டர் அன்று போனில் கத்தியது அம்மாவின் மருந்துச் சீட்டுக்காக என்று நீ நினைத்திருப்பாய்.

நீ எழுதியதைப் படித்ததும் மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. கோபம் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அதை மறைத்துக்கொண்டு உன்னிடம் சிரிக்க என்னால் முடியாது. நீயும் அதற்காகப் பரிசு எதுவும் வாங்கி வராதே.

ஒன்பதாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். லேபில் லீவு சொல்லிவிட்டேன். கவரில் இரண்டு பேரும் வர வேண்டும், "மற்றும் குழுவினர்" என்று வரக் கூடாது என்று ராஜாராம் சாருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். "அத சொல்லவும் வேணுமாம்மா" என்றார். சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன்.

சண்டே ஸ்கூலிலிருந்து கிட்டாரை இரவல் வாங்கி நாலு நாளாக வாசிக்கிறேன். ஆறு வருடம் தந்தி தொடாததில் விரல் நுனியெல்லாம் மெத்தென்று ஆகிவிட்டது. இரண்டாவது பாட்டுக்குள் கொப்புளம் வந்துவிடுகிறது. ஸ்டூடியோவிலும் வரும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், போதும் என்று நீயாகச் சொல்லிவிடாதே. வலித்தால் நான் சொல்வேன். அதுவரைக்கும் எனக்காக நீ எதையும் நிறுத்தாதே.

பிரிசில்லா